நற்பெயரின் விலை



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியப் பொறுப்பும் என்மீது இருந்தது. கணக்கெழுதும் கலையில் எனக்கிருந்த பழக்கமெல்லாம் பள்ளியின் ரொக்கப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவன் இன்று கம்பெனிக் கணக்குகளில் வரும் நுட்பமான ஒரு பொருளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சொந்த நட்டந்தான் என்னை இந்தப் படிப்பில் கொண்டு சேர்த்தது.

பணி ஓய்வு பெற்றபொழுது கிடைத்த பணிக்கொடையில் ஒரு சிறு பகுதியை ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. அது வேறொரு கம்பெனியைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. அதன்பின் ஆண்டுதோறும் அஞ்சலில் வந்த அறிக்கையில், ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் ‘நற்பெயர்’ என்றொரு தலைப்பும், அதற்கு நேரே ஒரு பெரிய தொகையும் காணப்பட்டன. நான்கு ஆண்டுகள் அத்தொகையில் ஒரு ரூபாயும் மாறவில்லை. ஐந்தாம் ஆண்டு அது அடியோடு மறைந்துவிட்டது. அவ்வாண்டின் நட்டமும் ஏறத்தாழ அதே அளவு. பங்கின் விலை பாதியாகியது, பங்காதாயமும் நின்றது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது தணிக்கையாளராக, அதாவது நாம் பேச்சில் ஆடிட்டர் என்று சொல்கிறோமே, அந்தத் தொழிலில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் என்னைக் காண வீட்டுக்கு வந்தார். அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன்.

“ஐயா, இது இந்த ஆண்டு தொலைந்த பணம் அன்று. வாங்கிய சில மாதங்களிலேயே தொலைந்திருக்கும். எழுதுவதற்குத்தான் இத்தனை காலம் ஆயிற்று” என்றார்.

“தம்பி, ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்தோம், குறைவு ஒன்றும் இல்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறார்களே?” என்று கேட்டேன்.

“சோதித்தார்கள், ஐயா. விடைத்தாளை எழுதியவர்களே அதைத் திருத்தவும் செய்தார்கள்.”

ஒரு தலைமையாசிரியனுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து இந்தச் சோதனை எப்படிப் பிறந்தது, யார் அதை வேண்டினார்கள் என்று தேடிப் படிக்கலானேன். படித்ததில் ஒரு பகுதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நற்பெயர் என்பது என்ன? மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படிப்போருக்கு இச்சொல் பழகியதே. ஒரு கடைவீதியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி, தராசு, சரக்கு, வரவேண்டிய கடன் ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்தால் 6 இலட்சம் ரூபாய் தேறுகிறது. ஆயினும் ஒருவர் 10 இலட்சம் கொடுத்து அக்கடையை வாங்குகிறார். மிகுதி 4 இலட்சம் எதற்காக? நாளைக் காலையிலும் அதே வாடிக்கைக்காரர்கள் அதே படியேறி வருவார்கள் என்ற நம்பிக்கைக்காக. அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையே கணக்கில் நற்பெயர்.

இதற்கு முதன்முதலில் சட்டத்தில் பெயர்பெற்ற விளக்கம் கொடுத்தவர் இங்கிலாந்தின் எல்டன் பிரபு. 1810ஆம் ஆண்டு சரக்கு வண்டி ஓட்டும் தொழில் பற்றிய வழக்கு ஒன்று அவர்முன் வந்தது. வண்டிக்காரர் நொடித்துப்போனார். அவருடைய தொழிலைக் கடன்காரர்களின் சார்பில் ஏலம்போல் விற்றுவிட்டார்கள். நொடிப்பிலிருந்து விடுபட்ட அவரோ மீண்டும் வண்டி ஓட்டத் தொடங்கினார். வாங்கியவர் தடுக்கக் கோரினார். எல்டன் தடுக்க மறுத்தார். பழைய வாடிக்கைக்காரர் பழைய இடத்துக்கே திரும்ப வரக்கூடும் என்ற வாய்ப்புக்குமேல் நற்பெயரில் வேறொன்றும் இல்லை என்பது அவருடைய கருத்து. ‘வரக்கூடும்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுக் குழப்பமும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

1901ஆம் ஆண்டு மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெய் செய்யும் கம்பெனி ஒன்றின் வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. தொழில் நடந்தது ஜெர்மனியில். விற்பனை ஒப்பந்தம் எழுதப்பட்டதோ இங்கிலாந்தில். நற்பெயருக்கு முத்திரைத் தீர்வை உண்டா என்பதே கேள்வி. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் எந்த நாட்டில் இருக்கிறது என்று நீதிபதிகள் ஆராய வேண்டியதாயிற்று! வாடிக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நற்பெயரும் இருக்கிறது, ஆகவே அது ஜெர்மனியில் உள்ளது, தீர்வை இல்லை என்று முடிவு கூறினார்கள். அத்தீர்ப்பில் மக்நாட்டன் பிரபு, நற்பெயர் வருணிக்க எளியது, வரையறுக்கவோ அரியது என்ற பொருள்பட எழுதினார். வாடிக்கையை ஈர்த்துவரும் ஆற்றல் என்று அதை அவர் கண்டார்.

நம் நாட்டு வழக்கு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரில் ஊதுவத்தி செய்து விற்ற ஒரு கூட்டு நிறுவனம் தன் நற்பெயரைப் புதிய கூட்டுக்கு மாற்றிக் கொடுத்தது. அதில் கிடைத்த ஆதாயத்துக்கு வரி உண்டா என்ற வினா எழுந்து, 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விடை கூறியது. தானாக வளர்ந்த நற்பெயருக்கு ‘வாங்கிய விலை’ என்று எதைச் சொல்வது? விலை தெரியாதபொழுது ஆதாயத்தை எப்படிக் கணக்கிடுவது? ஆகவே அன்றிருந்த சட்டப்படி மூலதன ஆதாய வரி இல்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு வரியைப் பற்றியதாயினும், கணக்கெழுதுவோர் உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதிக்கும் அடிப்படை இதுவே. தானே வளர்த்த நற்பெயரை ஐந்தொகையில் எழுதக்கூடாது. பிறரிடமிருந்து விலைக்கு வாங்கியதை மட்டுமே எழுதலாம். நேர்மையாக நூறாண்டு வியாபாரம் செய்த கடையின் ஏட்டில் நற்பெயர் சுழியமாக இருக்கும். நேற்று அதை வாங்கியவரின் ஏட்டில் அது இலட்சக்கணக்கில் நிற்கும். இது எனக்கு இன்றும் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. ஆனால் மாற்றுவழி இதைவிட ஆபத்தானது. அவரவர் நற்பெயரை அவரவரே மதித்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும்?

அப்படி விட்டதுபோன்ற ஒரு காலம் அமெரிக்காவில் இருந்தது. 1901ஆம் ஆண்டு ஜே. பி. மார்கன் என்னும் வங்கியாளர் பல எஃகுத் தொழிற்சாலைகளை இணைத்து ஐக்கிய அமெரிக்க எஃகுக் கம்பெனியை உருவாக்கினார். வெளியிட்ட பங்குகளும் கடன் பத்திரங்களும் சேர்ந்து 140 கோடி டாலர். பத்தாண்டு கழித்து அரசாங்கத்தின் கம்பெனி ஆய்வாளர் கணக்கெடுத்தபொழுது, தொடக்க நாளில் கையால் தொட்டறியக்கூடிய சொத்து 68.2 கோடி டாலர்தான் என்று கண்டார். மீதி? ‘தண்ணீர்’ என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் சொல்லின. சந்தைக்கு ஓட்டிச் செல்லும் மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டி எடையைக் கூட்டும் தந்திரத்திலிருந்து வந்த சொல் அது. நம் ஊர்ச் சந்தைகளிலும் அறியாத தந்திரம் அன்று. ஏட்டிலோ இந்தத் தண்ணீர் ஆலை, சுரங்கம் ஆகியவற்றின் விலைக்குள்ளேயே கலந்திருந்தது.

1912ஆம் ஆண்டு உல்வொர்த் என்பவர் தம் தம்பி, உறவினர், நண்பர்கள் ஆகியோரின் மலிவு விலைக் கடைகளைத் தம் கடைகளோடு சேர்த்து 6.5 கோடி டாலர் மூலதனத்தில் ஒரு கம்பெனி ஆக்கினார். ஏறத்தாழ அறுநூறு கடைகள். அவர் ஒளிக்கவில்லை, ஐந்தொகையில் நற்பெயர் 5 கோடி டாலர் என்று வெளிப்படையாகவே எழுதினார். வியாபாரம் மெய்யாகவே செழித்தது. 1920களில் அதே கம்பெனி அந்த 5 கோடியை 1 டாலராகக் குறைத்து எழுதியது. கடைகள் கெட்டுவிட்டனவா? இல்லை, முன்னிலும் நன்றாக நடந்தன. ‘எங்களுக்கு இந்த அலங்காரம் தேவையில்லை’ என்று காட்டுவது அந்நாளில் பெருமிதமாகக் கருதப்பட்டது. நற்பெயர் உண்மையில் உள்ளவன் அதை எழுதமாட்டான், இல்லாதவனே எழுதுவான் என்று கணக்காளர்கள் பேசிக்கொண்ட காலம் அது.

பிறகு வந்த தலைமுறை கேட்ட கேள்வி நியாயமானது. பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பழைய இலாபக் கையிருப்பிலிருந்து ஒரே நாளில் கழித்துவிட்டால், அந்தச் செலவு எந்த ஆண்டின் இலாபத்தையும் தொடாமல் போய்விடுகிறதே! நிர்வாகிகள் என்ன விலைக்கு வாங்கினாலும் அதன் தடம் இலாப நட்டக் கணக்கில் தெரியாதே! அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு 1953இல் தொகுத்த விதிகளில் இவ்வாறு உடனே கழிக்கும் வழக்கத்தைத் தடுத்தது. 1970ஆம் ஆண்டு வந்த விதி மேலும் ஒரு படி சென்றது. வாங்கிய நற்பெயரை இயந்திரத்தின் தேய்மானம்போல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டும். 40 ஆண்டுகளுக்குமேல் நீட்டக்கூடாது என்றது. ஏன் நாற்பது? முப்பத்தெட்டும் அல்ல, நாற்பத்திரண்டும் அல்ல. அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. இழுபறியில் பிறந்த எண் அது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1984ஆம் ஆண்டின் அந்நாட்டு விதி, வாங்கியவுடனே கையிருப்பிலிருந்து கழித்துவிடுவதை அனுமதித்தது. விளைவு வேடிக்கையானது. பிற கம்பெனிகளை வாங்கி வாங்கிப் பெருத்த கம்பெனிகளின் ஐந்தொகை இளைத்துக்கொண்டே போயிற்று. 1988இல் ரொட்டி, மாவு வியாபாரம் செய்த ராங்க் ஹோவிஸ் மக்டூகல் கம்பெனியை ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி விழுங்கப் பார்த்தது. அதை எதிர்த்துநின்ற அக்கம்பெனி தன் வணிகப் பெயர்களுக்குத் தானே விலை மதித்து 67.8 கோடி இங்கிலாந்துப் பவுன் என்று ஐந்தொகையில் ஏற்றிவிட்டது. வாசலில் தடுத்த நற்பெயர் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இனிமேல்தான் நம் கதையின் திருப்பம். அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் இணையும்பொழுது கணக்கெழுத இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, வாங்கும் முறை. இதில் நற்பெயர் தோன்றும், ஆண்டுதோறும் இலாபத்தைக் குறைக்கும். மற்றொன்று, இருவர் ஏட்டையும் அப்படியே சேர்த்துத் தைப்பதுபோன்ற முறை. இதில் நற்பெயரே தோன்றாது. எல்லாரும் இரண்டாவதைத்தான் விரும்பினார்கள் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. 1999ஆம் ஆண்டு அந்நாட்டுக் கணக்குத் தர வாரியம் இரண்டாவது முறையை ஒழிக்கவும், நற்பெயரை 20 ஆண்டுகளுக்குள் கழிக்கச் செய்யவும் முன்மொழிந்தது. கணிப்பொறித் துறைக் கம்பெனிகள் கொதித்தெழுந்தன. தங்கள் தொழிலில் வாங்கும் விலையெல்லாம் நற்பெயர்தான், ஆண்டுதோறும் கழித்தால் இலாபமே மிஞ்சாது என்றன. விவகாரம் நாடாளுமன்றக் குழுக்கள்வரை சென்றது. முடிவில் 2001ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தம்போல் புதிய விதி பிறந்தது. தைக்கும் முறை ஒழிந்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் கழிப்பதும் ஒழிந்தது. நற்பெயரைக் கழிக்க வேண்டாம். அதன் மதிப்பு குறைந்துவிட்டதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும். இதுவே மதிப்பிழப்புச் சோதனை. 2004இல் பன்னாட்டுக் கணக்குத் தர வாரியமும் இதே வழிக்கு வந்தது.

இந்தச் சோதனை கல்வி நோக்கில் மட்டும் பிறந்ததன்று, ஒரு பேரத்தின் ஒரு தட்டில் பிறந்தது என்பதை வரலாறு படிப்போர் கவனிக்க வேண்டும். அதனால் அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பதாண்டுக் கழிவும் குருட்டுக் கணக்குத்தான். நன்றாக வளரும் தொழிலையும் நொடித்த தொழிலையும் அது ஒரே கோலால் அளந்தது.

சோதனை எப்படி நடக்கிறது? முன்சொன்ன மளிகைக் கடைக்கே திரும்புவோம். 10 இலட்சத்துக்கு வாங்கியவரின் ஏட்டில் கடையும் நற்பெயரும் சேர்ந்து 10 இலட்சம் என்று நிற்கிறது. இன்று இக்கடையை விற்றால் செலவு போக என்ன கிடைக்கும்? விற்காமல் நடத்தினால் வருங்காலத்தில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு என்ன? இவ்விரண்டில் எது பெரிதோ அதை ஏட்டிலுள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும். ஏட்டுத் தொகை மிகுதியானால் அந்த மிகுதியை நட்டமாக எழுத வேண்டும். அடி முதலில் நற்பெயர்மீதே விழும். பன்னாட்டு விதியின்படி ஒருமுறை இவ்வாறு குறைத்த நற்பெயரைப் பிறகு உயர்த்தி எழுத இயலாது.

‘இன்றைய மதிப்பு’ என்பதைச் சற்று விளக்கவேண்டும். நூற்றுக்குப் பத்து வட்டி கிடைக்கும் உலகில், அடுத்த ஆண்டு கிடைக்கவிருக்கும் 110 ரூபாய் இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், ஆண்டுக்கு 1 இலட்சம் என்றென்றும் ஈட்டித் தரும் கடையின் இன்றைய மதிப்பு 10 இலட்சம். ஏட்டுத் தொகையும் அதுவே, ஆகவே தேர்ச்சி. தொழிலில் ஆபத்து மிகுதி, கழிவு வீதம் பன்னிரண்டாக இருப்பதே முறை என்று ஒருவர் சொன்னால், மதிப்பு 8 இலட்சத்து 33 ஆயிரமாக இறங்கிவிடும், தோல்வி. மற்றொருவர் வீதம் பத்தே போதும், ஆனால் வரும்படி ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் வளரும் என்று சொன்னால், மதிப்பு பன்னிரண்டரை இலட்சம்! முதல் வகுப்பில் தேர்ச்சி. கடை அதே கடை. வாடிக்கைக்காரர் அதே பேர். நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.

இந்த வீதத்தையும் வளர்ச்சியையும் முதலில் எழுதுபவர் யார்? கம்பெனியின் நிர்வாகம். கடையை வாங்க முடிவு செய்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. தணிக்கையாளர் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். ஆனால் வருங்காலத்தைப் பற்றிய ஒரு கருத்தைப் பொய்யென்று இன்றைக்கே நிறுவுவது எப்படி? என் மாணவர் சொன்னது இதைத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நற்பெயர் தனியாகப் பணம் ஈட்டாது. ஆகவே அதை ஒரு தொழில் அலகோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். வாங்கிய கடையை, ஏற்கெனவே செழித்து நடக்கும் சொந்தக் கடையோடு ஓர் அலகாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? சொந்தக் கடையின் எழுதப்படாத நற்பெயர் ஒரு குடைபோல் விரிந்து, வாங்கிய கடையின் நலிவை மறைத்துவிடும். சோதனை நேர்மையாகவே நடந்திருக்கும். நலிவு மட்டும் தெரியாது. இதை வாரியத்தாரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

புதிய விதி வந்த உடனே அதன் முதல் பெரும் பலி விழுந்தது. இணையத் தொடர்பு வழங்கிவந்த ஏ.ஓ.எல். கம்பெனி, டைம் வார்னர் என்னும் பழம்பெரும் பத்திரிகை, திரைப்படக் கம்பெனியைத் தன் பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக 2000 ஜனவரியில் அறிவித்து, ஓராண்டில் முடித்தது. அவ்வமயம் இணையக் கம்பெனிப் பங்குகள் வானத்தில் பறந்துகொண்டிருந்தன. பிறகு தரையில் விழுந்தன. 2002ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் 5,400 கோடி டாலர், கடைசிக் காலாண்டில் மேலும் 4,500 கோடி டாலர் என்று நற்பெயர் முதலியவற்றைக் குறைத்து எழுதினார்கள். ஆண்டு முழுமைக்கும் நட்டம் 9,870 கோடி டாலர். அதுவரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஓராண்டில் அவ்வளவு நட்டம் காட்டியதில்லை. அந்த ஆண்டில் இதற்காக ரொக்கம் ஒரு காசும் வெளியேறவில்லை என்பதும் உண்மையே. இத்தகைய வேளைகளில் ‘இது வெறும் ஏட்டு நட்டம்’ என்று நிர்வாகிகள் சொல்வது வழக்கம். ஏட்டில் இன்று எழுதுகிறார்கள், விலையை என்றோ கொடுத்துவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிச் செல்கிறேன். வோடபோன் கம்பெனி தான் ஜெர்மனி முதலிய நாடுகளில் வாங்கிய தொழில்களுக்காக 2006இல் 2,350 கோடி பவுன். ஸ்காட்லாந்து ராயல் வங்கி, டச்சு நாட்டு வங்கியொன்றைக் கூட்டாக வாங்கிய மறு ஆண்டு, 2008இல், 1,620 கோடி பவுன். அந்த வங்கியை அரசாங்கமே தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஹியூலெட் பாக்கர்டு கம்பெனி ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு வாங்கிய ஆட்டானமியின் பொருட்டு, ஓராண்டு கழித்து 2012இல், 880 கோடி டாலர். நம் நாட்டு டாடா ஸ்டீல், 2007இல் வாங்கிய கோரஸ் எஃகுக் கம்பெனிக்காக 2013இல் 160 கோடி டாலர் அளவுக்குக் குறைத்து எழுதியது.

இவையெல்லாம் எழுதிய கதைகள். எழுதாத கதையே என் மனத்தை மிகவும் வருத்தியது. இங்கிலாந்தில் கரிலியன் என்றொரு பெரிய கட்டுமானக் கம்பெனி இருந்தது. மருத்துவமனை கட்டும், பள்ளிகளுக்கு உணவு வழங்கும், சிறைச்சாலைகளைப் பராமரிக்கும். 2006, 2008, 2011ஆம் ஆண்டுகளில் மூன்று கம்பெனிகளை வாங்கியது. மூன்றாவது, வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் காக்கும் வேலை செய்த ஈகா. அதற்குக் கொடுத்த விலை 29.8 கோடி பவுன். ஏட்டில் எழுதிய நற்பெயரோ 32.9 கோடி! விலையைவிட நற்பெயர் எப்படி மிகும் என்று கேட்கிறீர்களா? வாங்கிய கம்பெனியின் கடன்கள் அதன் மற்றச் சொத்துகளைவிட மிகுதியாக இருந்தால் அப்படித்தான் வரும். வாங்கிய சில காலத்தில் அரசாங்கம் அத்துறைக்குக் கொடுத்துவந்த மானியங்களைக் குறைத்தது. ஐந்தாண்டில் அத்தொழிலின் நட்டம் 26 கோடி பவுனாகத் திரண்டது. ஆயினும் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் அந்த 32.9 கோடி ஒரு பென்னியும் குறையாமல் நின்றது.

அவ்வாண்டு கம்பெனியின் மொத்த நற்பெயர் 157 கோடி பவுன். கடன் போகக் கம்பெனியின் நிகரச் சொத்து என்று காட்டியது 73 கோடி. நற்பெயரை நீக்கிவிட்டால் சொத்தைவிடக் கடன் 84 கோடி மிகுதி. இதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கலாம். எண்கள் இரண்டும் அறிக்கையிலேயே இருந்தன. கம்பெனியோ பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து பங்காதாயத்தை உயர்த்திக்கொண்டே வந்தது. 2017இல்தான் ஒப்பந்தங்களில் பெருநட்டம் என்று அறிவித்து, நற்பெயரிலும் 13.4 கோடியைக் குறைத்தது. 2018 ஜனவரி 15ஆம் நாள் கம்பெனி மூடப்பட்டது. கடன்கள் ஏறக்குறைய 700 கோடி பவுன். கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி. இரண்டாயிரம் பேருக்குமேல் வேலை இழந்தனர். ஏறத்தாழ 27,000 பேரின் ஓய்வூதிய நிதியில் பெருந்துண்டு விழுந்தது. 2018 மே மாதம் வெளிவந்த நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கையில், நிர்வாகிகளோடு தணிக்கை செய்த நிறுவனத்தையும் கடுமையாகக் கண்டித்தார்கள். 2023இல் அந்நிறுவனத்துக்கு 2.1 கோடி பவுன் தண்டம் விதிக்கப்பட்டது.

ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். 27,000 என்ற எண்ணைப் படித்தபொழுது அதை எண்ணாகப் படித்துக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

மீண்டும் ஆண்டுதோறும் கழிக்கும் பழைய முறைக்கே போகலாமா என்ற கேள்வி இதனால் எழாமல் இல்லை. ஜப்பான் அம்முறையை விடவே இல்லை. அந்நாட்டு விதிப்படி 20 ஆண்டுகளுக்குள் கழித்துவிட வேண்டும். இந்தியாவில் இரண்டும் வழக்கில் உள்ளன. 1994ஆம் ஆண்டு வந்த நம் பழைய விதி, கம்பெனிகள் ஒன்றிணையும்பொழுது தோன்றும் நற்பெயரைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் கழிக்கச் சொன்னது. 2016 முதல் பெரிய கம்பெனிகளுக்கு வந்த புதிய விதியோ பன்னாட்டு முறையைப் பின்பற்றிச் சோதனையை வைத்தது. அமெரிக்க வாரியம் பல ஆண்டுகள் ஆராய்ந்துவிட்டு 2022 ஜூனில் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பன்னாட்டு வாரியமும் சோதனை முறையே நீடிக்கட்டும் என்று முடிவு செய்தது. எனக்கோ, இருபதாண்டுக் கழிவையும் சோதனையையும் சேர்த்தே வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. என் மாணவர் ஒப்பவில்லை. “ஐயா, எப்படியும் கழியப்போகிறது என்று தெரிந்தால் யாரும் அந்த எண்ணைப் படிக்கவே மாட்டார்கள்” என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அறிக்கையை நான்கு ஆண்டுகள் படிக்காமல் வைத்திருந்தவன்தானே நான்!

பன்னாட்டு வாரியம் 2024 மார்ச்சில் ஒரு வரைவை வெளியிட்டது. பெரிய கம்பெனி ஒன்றை வாங்கும்பொழுதே, எந்த நோக்கத்துக்காக வாங்குகிறோம், எந்த இலக்கை எட்ட எண்ணுகிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். பின்வரும் ஆண்டுகளில் அது எட்டப்பட்டதா என்றும் சொல்ல வேண்டும் என்பது அதன் முதன்மையான கூறு. வினாத்தாளைத் தேர்வுக்கு முன்பே பூட்டி முத்திரையிடுவது போன்றது இது என்று எனக்குப் பட்டது.

இதை அறிந்தபின், நானும் என் மாணவரும் என் பழைய அறிக்கைகளைப் பரணிலிருந்து இறக்கினோம். அந்தக் கம்பெனி மற்றொன்றை வாங்கிய ஆண்டின் அறிக்கையை எடுத்து, ஏன் வாங்கினார்கள் என்று தேடினோம். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. நம் கம்பெனியின் எதிர்கால வளர்ச்சிக்கு இது பெருந்துணையாகும் என்று தலைவர் எழுதியிருந்தார். எவ்வளவு இலாபம், எத்தனை ஆண்டில் என்று ஓர் எண்கூட அதில் இல்லை.